நானே கட்டிக்கொண்ட கயிறு

என் ஆசை மாமாவுக்கு,

வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் வேலை பார்த்த அதே தோட்டத்தில், நீங்கள் இருந்த அதே லயத்து வரிசை வீட்டில், நம் மகள் பொன்னியும் நானும் இப்போது குடியிருக்கிறோம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலை. மேலே மேகம், கீழே தேயிலை, நடுவிலே உங்கள் வள்ளி. நம்ப முடிகிறதா?

என் கையால் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் எழுதியதையெல்லாம் ஊரில் அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எதை எழுதுவது, எதை விடுவது என்று பார்க்கிற ஆளா நீங்கள்? அதனால்தான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் எழுத்துப் படித்தேன். பதில் எழுதக் கை பழகுவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நீங்கள் போன பிறகு பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைதான் எங்களுக்கு வீடு. மழையும் இல்லை, கஞ்சியும் இல்லை, ஏச்சும் பேச்சும் மட்டும் குறைவில்லாமல் கிடைத்தன. அப்போதுதான் நம் ஊர்க் கருப்பையா கங்காணி தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்தார். "ஒம் புருசன் இருந்த தோட்டந்தான். வர்றியா?" என்று கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள் "வர்றேங்க" என்றேன். உங்களைப் புதைத்த மண்ணைப் பார்க்க வேண்டும். யார் வீட்டுக் கொட்டகையிலும் ஒண்டாமல் நம் மகளை என் கூலியில் வளர்க்க வேண்டும். வேறென்ன வேண்டும் எனக்கு?

கடற்கரை முகாமில் எங்களைக் குளிக்க வைத்து, அம்மை குத்தி, நோய் எதுவும் இல்லை என்று தெரியும்வரை வைத்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு தகர டிக்கெட் கொடுத்தார்கள். தோட்டத்தின் எண்ணும் நம் எண்ணும் அதில் அடித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அது இருந்தால் கப்பல் உண்டு, ரயில் உண்டு, தோட்டமும் உண்டு. இல்லாவிட்டால் வந்த வழியே ஊருக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் நீங்கள் ஆண்பிள்ளை, உங்களுக்கு அது வெறும் கயிறு. தாலி கழற்றிய கழுத்தில் மறுபடி ஒரு கயிறு ஏறினால் என்னென்ன பேசுவார்கள்? எங்களோடு வந்த பேச்சியம்மாளே, "அறுத்த கழுத்துல கயிறா? ஊரு சிரிக்குமேடி" என்றாள். நானும் பெரிய புத்திசாலி போல டிக்கெட்டை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கப்பலுக்கு வரிசையில் நின்றபோது வந்தது வினை. பொன்னி கழுத்தில் தகரம் மினுங்க முன்னால் போய்விட்டாள். குமாஸ்தா என் கழுத்தைப் பார்த்தார்.

"டிக்கெட் எங்க?"

"இடுப்புல இருக்குங்க."

"கழுத்துல இருந்தாத்தான் அது ஒன்னோடது. இடுப்புல இருந்தா யாரு டிக்கெட்டுன்னு நான் கண்டேன்? ஊருக்குத் திரும்புற ஆளுங்களோட போய் நில்லு."

எடுத்துக் காட்டினேன். எங்கேயோ கிடந்ததை எடுத்தது என்றார். கங்காணி ஓடி வந்து, "நம்ம ஆளுதாங்க" என்று கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தகரந்தானே ஆத்தா, மாட்டிக்கிட்டு வந்துரு" என்றார். அந்தப் பக்கம் பொன்னி என்னைக் காணாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை.

எனக்கு வந்ததே கோபம். பெற்ற மகளைவிட ஊர் சிரிப்பது பெரிதா? எல்லாரும் பார்க்கக் கயிற்றைக் கழுத்தில் போட்டு, நானே முடிச்சுப் போட்டேன். கை நடுங்கியது, மாமா. நீங்கள் கட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நடுங்கியது உங்கள் கை. முதல் முடிச்சே நழுவிவிடாமல் உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, இழுத்து இறுக்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் எனக்கு உதவ யாரும் இல்லை, ஆனாலும் முடிச்சு நன்றாகத்தான் விழுந்தது.

"போ" என்று குமாஸ்தா கையை அசைத்தார். அவ்வளவுதான் அவருக்கு.

கப்பலில் பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். "விடுடி. சிரிக்கிற ஊரு அங்கிட்டு நின்னுபோச்சு. நாம இங்கிட்டு வந்துட்டம்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கடலே கண்ணில் பட்டது. எவ்வளவு தண்ணீர்! அதைப் பற்றி ஏன் நீங்கள் எழுதவே இல்லை?

உங்களுக்கு ஒரு சேதி. பண்டாரவளையில் இறங்கி மலை மலையாக நடந்து வந்ததாக எழுதியிருந்தீர்களே, இப்போது ரயில் பதுளை வரைக்கும் வந்துவிட்டது. குகை வரும்போதெல்லாம் பொன்னி கூவினாள், நானும் கூவினேன். வயசுக்குத் தக்க நடக்கவில்லை என்று பேச்சியம்மாள் முறைத்தாள். அடுத்த குகையில் அவளும் கூவினாள்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டு. வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். புது ஆட்களுக்குப் பேர் பதிந்தால்தான் வேலையும் லயத்து அறையும். என் முறை வந்ததும் கங்காணி முந்திக்கொண்டு, "காய்ச்சல்ல போனாரே நம்ம ஆளு, அவரு பொண்டாட்டிங்க" என்றார்.

"அது சரி, இதுக்குன்னு ஒரு பேரு இருக்குமே" என்றார் கணக்கப்பிள்ளை.

"வள்ளியம்மைங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். பதிந்துகொண்டார். மாமா, என் பேரை இந்த மலையில் பதிந்துவிட்டார்கள். அன்றைக்குக் கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறியபோது எனக்குக் குளிரே தெரியவில்லை.

தகரத்தைத் தோட்டத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். கணக்கப்பிள்ளை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கயிற்றை என் கையில் கொடுத்தார். தூக்கிப் போட மனம் வரவில்லை. மறுபடி கழுத்தில் கட்டிக்கொண்டேன். இந்த முறை யாரும் கட்டச் சொல்லவில்லை, கையும் நடுங்கவில்லை. லயத்துப் பெண்கள், "யாரு கட்டுன கயிறு?" என்று கேட்கிறார்கள். "நானே கட்டுனது" என்கிறேன்.

நீங்கள் இருக்கும் இடத்தைக் கங்காணி தூரத்திலிருந்து காட்டினார். முள்முருங்கை மரத்தடி, நல்ல நிழல். இனி இந்த மலையை விட்டு நான் போகமாட்டேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பொன்னியைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருவேன். இந்தக் கயிற்றோடுதான் வருவேன். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து நீங்களே அவிழ்த்துவிடுங்கள், மாமா. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் அக்கா மகள்,
பொன்னியின் அம்மா,
வள்ளி