சேற்றில் ஒரு மட்டக்குதிரை

சவுக்காரம் போட்டுக் கழுவியும் விரலில் பெற்றோல் மணம் போகவில்லை. கந்தோரின் நாலு சில்லு மோட்டார் சைக்கிள் காலையில் ஸ்ராட் ஆகவில்லை. மழைக்கு ஒரு மாதமாகச் சும்மா நின்றதில் பெற்றோல் பழுதாகிவிட்டது. கார்பரேற்றரில் கிடந்ததை வடித்துப் புதிதாக ஊற்றினேன். இருமி இருமி எழும்பியது. கையை முகர்ந்தபோது உம்முடைய நினைவு வந்தது.

நெடுந்தீவுக் கால்நடைக் கந்தோரில் வேலை பார்த்த பெண்கள் நீரும் நானும் மட்டும்தான். நான் காரைநகரில் இருந்து வந்தவள். நீர் ஊர்க்காரி, கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. கல்லும் பற்றையுமான வெளியில் வேறு வாகனம் ஓடாது என்பதால் அந்த நாலு சில்லு மோட்டார் சைக்கிளைத் தந்திருந்தார்கள். ஓட்டுவது நீர். பின்னால் தண்ணீர்க் கானைப் பிடித்துக்கொண்டு இருப்பது நான்.

ஒரு கோடையில் தெற்குப் பக்கக் குளம் வற்றி, நடுவில் சேறு மட்டும் கிடந்தது. தீவில் கட்டின்றித் திரியும் மட்டக்குதிரைகளில் ஒரு பெட்டை, தண்ணீர் தேடி இறங்கி, நெஞ்சு வரைக்கும் புதைந்து நின்றது. சாக்கை மடித்து அதன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்துக் கயிறு கட்டினோம். மறு முனையை வாகனத்தில் கட்டிவிட்டு நீர் ஏறி ஸ்ராட் பொத்தானை அமத்தினீர். ஒரு சத்தமும் இல்லை.

"நியூட்ரலிலை நிக்குதோ பாரும்," என்றேன்.

"நிக்குது."

"எஞ்சினை நிப்பாட்டிற சிவப்புச் சுவிட்ச்?"

"அதுவும் சரியாத்தான் கிடக்கு."

முன் லைற் எரிந்தது. பற்றறி சாகவில்லை என்றீர். என்றாலும் வயர் பூட்டிய இடத்தில் உப்புப் பூத்திருந்ததால் கழற்றிச் சுரண்டினீர். நட்டுகள் என் கையில் இருந்தன. குதிரை உதறுவதை நிறுத்தித் தலையைச் சேற்றில் சாய்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீர் நிமிரவேயில்லை.

"அழுறதெண்டால் அழும். நட்டை மட்டும் கீழை போட்டிடாதையும்."

திரும்பப் பூட்டியும் சத்தமில்லை. பிரேக்கைப் பிடித்தால்தான் அந்த வாகனம் ஸ்ராட் ஆகும். நீர் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர். பின்னால் நின்ற எனக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"பிரேக் லைற் எரியேல்லையப்பா."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம். எரியேல்லை."

"அப்ப பிரேக் சுவிட்ச்தான். உப்புக் காத்து இறுக்கிப் போட்டுது."

குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பிரேக் பிடியின் இடுக்கில் ஊற்றி, பிடியை இழுத்து இழுத்து விட்டீர். உள்ளே 'டிக்' என்றது. லைற் எரிந்தது. நான் கத்தினேன்; எஞ்சினும் கத்தியது.

நீர் மெல்ல மெல்ல இழுக்க, நான் இடுப்பளவு சேற்றில் நின்று பின்னாலிருந்து தள்ளினேன். வெளியே வந்த குதிரை கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தது. சாக்கையும் கயிற்றையும் கழற்றிவிட்டு, கானில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தோம். பிறகு எழும்பி, நடுங்கிக்கொண்டே நடந்து போனது.

எஞ்சினை நிற்பாட்டப் பயந்து அதை ஓடவிட்டபடி, சேறு காயும் வரை கல்வேலியில் இருந்தோம். நீர் குதிரை போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னீர்:

"எனக்கு மார்பிலை ஒரு கட்டி இருக்கு. கொஞ்ச நாளா."

"டொக்டரிட்டைக் காட்டினனீரோ?"

"இல்லை. வீட்டிலையும் சொல்லேல்லை. முதல் உமக்குத்தான் சொல்லுறன்."

அடுத்த நாள் முதல் லோஞ்சிப் படகில் ஏறி இருவரும் யாழ்ப்பாணம் போனோம். அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். சத்திரசிகிச்சை, மருந்து, உதிர்ந்து மறுபடி முளைத்த தலைமயிர், நீர் வேலைக்குத் திரும்பி வந்த அந்த ஒரு நல்ல வருசம், பிறகு கோவில் சேமக்காலையில் உம்முடைய கல்லறை. உம்மைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்ன வயதுக் கதைகள் அவர்களிடம்தான் உண்டு. எனக்கு அவை ஒன்றும் தெரியாது. உம்மோடு வேலை செய்தவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். நானும் திருத்துவதில்லை. அந்தக் கல்வேலியில் வைத்து நீர் முதலில் சொன்னது எனக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.