படிக்கட்டு ஊரில் இரண்டு நாள்

ஹாம்பர்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி? நம் வீட்டு மாடிக்கே முனகுகிற நீங்கள், ஊரெல்லாம் படிக்கட்டான ஜிரோனாவில் சனி, ஞாயிறு நாம் சேர்ந்து தங்க அறை போட்டதுமே எனக்குச் சந்தேகம்.

தம்பி ஃபெலியுவைப் போனில் குடைந்தேன். "எல்லாம் உன்னை அந்த ஊர்ல இருக்கிற கல் சிங்கத்தோட பின்பக்கத்துல முத்தம் குடுக்க வைக்கத்தான்" என்று உளறிவிட்டான். முத்தமிட்டவர் எங்கே போனாலும் ஜிரோனாவுக்குத் திரும்பிவிடுவாராமே! "அவ ஜிரோனா வரைக்கும் வந்தா போதும், அங்கேருந்து வீட்டுக்கு நான் இழுத்துட்டு வந்துருவேன்" என்றீர்களாம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இங்கே வேலை நன்றாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் நீளம்.

வேலைக்குப் போகும் பஸ் வருகிறது. குளிரில் உதடு வெடித்திருக்கிறது, நீங்கள் காய்ச்சும் தேன்மெழுகுத் தைலத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள். சிங்கத்துக்கு உதடு குத்தக் கூடாது.

உங்கள் ரெமெய்