ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிச்சம்

நல்லூர், திருப்பூர்
14-5-2006

அன்பு மகன் முனீஸுக்கு அம்மா சீனியம்மாள் சொல்ல, உன் தங்கை அனிதா எழுதுவது. இங்கே நான், அப்பா, அனிதா மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனாலும் பல்லடம் தறிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போய்வருகிறார். சென்னையில் நீயும் உன் கிளப்பின் பாய்மரப் படகுகளும் சுகமாக இருக்க நம் அய்யனார் துணை. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இவளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் நான் கொச்சையாகச் சொல்வதை அழகாகத் திருத்தி எழுதிவிடுவாள். ஆனால் இன்றைக்கு விஷயமே அவளைப் பற்றியது, அதனால் வெட்கப்பட்டு வரிக்கு ஒரு தரம் பேனாவைக் கீழே வைக்கிறாள். அதட்டி அதட்டி எழுத வைக்கிறேன்.

போன மாதம் காற்றடித்து உங்கள் கிளப்பில் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்தது என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது உனக்கே தெரியும். எல்லோரையும் நீ மீட்புப் படகில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாய், சரி, ஒரு நாள் உன்னை யார் ஏற்றுவது என்றுதான் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த மாதக் கடைசிக்குள் ஊர் வந்து சேரச் சொன்னேன். அனிதா தைக்கிற கம்பெனியிலேயே உனக்குப் பேக்கிங்கில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். நீயோ படகு என்றால் கவிழத்தான் செய்யும், ஆள் கணக்குத்தான் தப்பக் கூடாது என்று எனக்கே பாடம் சொன்னாய். பொங்கலுக்கு வந்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய், கடலுக்குள் போகிறவர்கள் பலகையிலிருந்து அவரவர் பேர் எழுதிய வில்லையை எடுத்துப் போவார்களாம், திரும்பி வந்ததும் மாட்டுவார்களாம், சாயங்காலம் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தமாம். எனக்கு அது காதில் ஏறவில்லை, அனிதாதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியில் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே குவித்திருந்த வேஸ்ட் துணியில் பொறி விழுந்து தீப்பிடித்துவிட்டது. நீ பதறாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரே புகை, அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் அங்கமுத்து அண்ணன் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுப் பார்த்து, “அல்லாரும் வந்தாச்சுங்க, கார்டு சரியா இருக்குது, யாரும் உள்ள போயராதீங்க” என்று கதவைச் சாத்தப் போயிருக்கிறார். தார் ரோடு கொதிக்கிற கொதிப்பில் நிற்க முடியாமல், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை ஆளாளுக்குத் தேடி மாட்டிக்கொண்டார்களாம். நூல் தூசியில் மண் சேரக் கூடாது என்று உள்ளே வெறுங்காலோடுதான் வேலை செய்வார்கள் என்பது நீ பார்த்ததுதானே. எல்லோரும் மாட்டிக்கொண்ட பிறகும் ஒரு ஜோடி மிச்சம் கிடந்திருக்கிறது, வார் அறுந்து ஊக்குப் போட்ட நீலச் செருப்பு. அந்த ஊக்கைக் கொடுத்ததே இவள்தான். பக்கத்து வீட்டு ஆஷாவின் செருப்பு.

ஆஷாவுக்குக் காய்ச்சல், அன்றைக்கு லீவு. ஆனால் சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் தனியாகப் படுக்கப் பயந்துகொண்டு, கம்பெனியில் ஃபேன் ஓடுமே என்று வந்து, யாரிடமும் சொல்லாமல் மாடியில் துணிப் பண்டலுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறாள். கார்டு போடவில்லை, பிறகு எப்படிக் கணக்கில் வருவாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது, அந்த நேரத்தில் இவளுக்குத் தெரிந்தது அந்தச் செருப்பு மட்டும்தான். அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள், அந்த இரைச்சலில் இவள் குரல் இவளுக்கே கேட்கவில்லையாம். உடனே கழுத்துக் கயிற்றில் சாவியோடு தொங்கிய விசிலை எடுத்து ஊதிவிட்டாள். நீ கொடுத்த அதே ஆரஞ்சு விசில்தான் முனீஸு, லைஃப் ஜாக்கெட்டில் தொங்குவது, சத்தம் போட வராத பிள்ளைக்கு இதுதான் சரி என்று கேலி பண்ணிக் கொடுத்தாயே. தெருவே திரும்பிப் பார்த்ததாம். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே செருப்பைத் தூக்கிக் காட்டி, உடம்புக்கு முடியாதவர்கள் போய்ப் படுக்கிற மாடியைக் கை காட்டினாளாம்.

அங்கமுத்து அண்ணன் அப்படியே உள்ளே பாயப் போயிருக்கிறார், இவள் குறுக்கே நின்று இடுப்பில் கயிறு கட்டுங்கள் என்று சைகை காட்டியிருக்கிறாள். காப்பாற்றப் போகிறவன் தன்னைக் கட்டிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று நீ சொன்னதாம். டெய்லர் பொன்னாத்தாள் அவசரத்தில் எலாஸ்டிக் ரோலைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள், இவள் வேண்டாம் என்று தலையாட்டி நாடா ரோலைக் காட்டியிருக்கிறாள். இப்போது தெருக்குழாயில் அதுதான் பேச்சு, “ஏனுங்க, எலாஸ்டிக்கக் கட்டி இழுத்திருந்தா எலாஸ்டிக்கு வந்திருக்கும், அங்கமுத்து உள்ளயே இருந்திருப்பாருங்க” என்று பொன்னாத்தாளே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நாடாவை நாலாக மடித்து இடுப்பில் கட்டி, நனைத்த பனியன் துணியை மூக்கில் சுற்றிக்கொண்டு போனவர், அரை மயக்கத்தில் கிடந்தவளைத் தோளில் போட்டு, வழி தெரியாமல் நாடா இழுத்த பக்கமாகவே வந்து சேர்ந்தார். ஆஷா இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தாள், நேற்று வீட்டுக்கு வந்து என் கையால் கஞ்சி குடித்தாள், அவள் அம்மா அனிதாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன்.

நேற்றே கம்பெனி வாசலில் செருப்புக்கு ஸ்டாண்ட் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு கட்டம், பேர் எழுதியிருக்கிறது, லீவில் வந்து எட்டிப் பார்த்தாலும் செருப்பு அதில்தான் இருக்க வேண்டும். மாதம் ஒரு தரம் எல்லோரையும் வெளியே ஓடவிட்டுப் பழக்கப் போகிறார்கள், விசில் ஊதுவது யார் என்கிறாய். எனக்குப் பேச வராது என்று இவள் பின்வாங்கியதற்கு, “நீ பேச வேண்டாங் கண்ணு, ஊதுனாப் போதும், உன்ற பேச்ச அது பேசிக்கும்” என்று அங்கமுத்து அண்ணன் முடித்துவிட்டார். இந்த வரியை எழுத மாட்டேன் என்று இவள் எழுந்தே போய்விட்டாள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறாள்.

அந்தப் பேக்கிங் இடத்துக்கு என் மகன் வரமாட்டான், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ அங்கேயே இரு. அங்கே உட்கார்ந்தே இங்கே ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய், அங்கே எத்தனை பிள்ளைகளோ. ஆனால் ஒன்று, எல்லோருடைய வில்லையையும் பார்க்கிற நீ உன் பேரில் ஒரு வில்லை வைத்திருக்கிறாயா, அதை யார் பார்க்கிறார்கள் என்று மறக்காமல் எழுது. காற்று ஏறினால் நீயும் ஜாக்கெட் போடு, வெறும் வயிற்றோடு படகேறாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது விட்டுப்போன உன் பழைய செருப்பு வாசலில்தான் கிடக்கிறது. தூக்கிப் போடச் சொல்லியிருந்தேன், இப்போது வேண்டாம் என்றுவிட்டேன். தீபாவளிக்கு வந்து அதை நீயே காலில் மாட்டுகிறவரை என் கணக்கில் நீ கரை சேரவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா சீனியம்மாள்

அண்ணா, ஊதும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஷாவுக்கும் ஒரு விசில் அனுப்பு. – அனிதா