கோஸ்டாரிக்காவுக்குக் கொண்டுபோன சவர்க்காரம்

இன்று காலை அலுமாரிக்கு மேலே கிடந்த சூட்கேசை இறக்கித் திறந்தேன். மிஞ்சிய சவர்க்காரக் கட்டிகளின் வாசம் அறை முழுக்கப் பரவியது. நீங்கள் கண்ணை மூடி ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று கட்டிலில் கொஞ்சநேரம் இருந்து பார்த்தேன். வரவில்லை. எழும்பித் தேத்தண்ணி வைத்தேன்.

"சின்ன நாடு அம்மா, ஆனா உலகத்திலை இல்லாத குருவி, பூ எல்லாம் அங்கை இருக்கு" என்று சொல்லி மகள்தான் உங்களையும் என்னையும் கோஸ்டாரிக்காவுக்குக் கூட்டிப்போனாள். ஊருக்கு வரமாட்டேன் என்று நின்ற அப்பாவுக்கு அந்த வெயிலாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பாள். நீங்களோ ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய், ஊருக்குப் போகிறவர்கள் அள்ளுவது போலச் சவர்க்காரமும் சொக்கிலேற்றும் அள்ளிக்கொண்டு வந்தீர்கள்.

"இஞ்சாருங்கோ, அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"அதுக்காக வெறுங்கையோடை போறதே?"

காட்டில் வழிகாட்டி தொலைநோக்கியில் ஒரு பச்சைக் குருவியைக் காட்டினார். சிவப்பு நெஞ்சு, நீள வால். மகள் மூச்சு விடாமல் பார்த்தாள். உங்களைத் தேடினால் காணோம். கீழே ரோட்டோர வீட்டு முற்றத்தில், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் சவர்க்காரத்தை நீட்டியபடி நிற்கிறீர்கள். உங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவளுடையது உங்களுக்குத் தெரியாது. மாங்காய் வெட்டி உப்புத் தூவித் தந்தாள். சாப்பிட்டுவிட்டு, "இது காணும், போதும். இனி ஊருக்குப் போகத் தேவையில்லை" என்றீர்கள். நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

உங்களுக்கு ஊருக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை, பயம். தப்பி ஓடிவந்த நாட்டின் விமான நிலையத்தில், கடவுச்சீட்டை வாங்குகிறவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பானே, அந்தப் பார்வைக்குப் பயம். சண்டை முடிந்துவிட்டது என்று ஆர் சொல்லியும் கேட்கவில்லை. உங்களை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனம் வரவில்லை. என் அம்மா செத்தபோதும் நான் போகவில்லை. அதில் உங்கள்மேல் பொல்லாத கோபம் இருந்தது. இப்போது அந்தக் கோபத்தையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நேற்று மகள் எல்லிங்ஸ்ருட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்தக் கோடை லீவுக்கு ஊருக்குப் போவமே அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. டிக்கெட் போடக் கடவுச்சீட்டை அவளிடம் கொடுக்கும்போது மட்டும் எனக்குக் கை நடுங்கியது. நான் ஒருநாளும் பயந்தவள் இல்லை. அது உங்கள் நடுக்கம். மரத்துப்போன இந்த உடம்பில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.