ரப்பர் பால் ஊற்றி ஒட்டிய தரை

தாயம்மாவுக்கு, உன் கால் வீக்கம் வடிந்ததா? கெமாஸில் மகள் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கே எனக்குக் குறையில்லை. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து அறைப் பெண் ஜெனவீவ் எழுதுகிறாள்.

லுக்குட் பக்கம் ஒரு வீடு புதுப்பிக்கிற இடத்தில் எனக்கு வேலை, தரையில் பழைய பசையைச் சுரண்டுவது. போய்ப் பார்த்தால், ரப்பர் தோட்டத்தை விற்றபோது நம்மை வெளியேற்றிய அதே வீடு. மகள் கல்யாணத்துக்கு ரப்பர் பால் ஊற்றி நான் ஒட்டிய பிளாஸ்டிக் பாய், சிமெண்டோடு பிடித்துக் கிடக்கிறது. பெயிண்ட் கரைக்கிற தின்னரை ஊற்றிச் சலித்த கான்ட்ராக்டர் ஹேமநாதன், "எந்த மடையன் லா பால ஊத்தி ஒட்டுனான்?" என்று கத்தினான்.

"இந்த மடையன்தான் தம்பி. நம்ம வீடுன்னு நெனச்சு ஒட்டிப்புட்டேன்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து நானே சுரண்டினேன். நாம் சாமி படம் வைத்திருந்த மூலையை மட்டும் அவனையே சுரண்டச் சொல்லிவிட்டேன்.

முட்டிக்குத் தைலமும் பழைய கைலியும் கொடுத்தனுப்பு. ஜெனவீவுக்கு வேலைக்கு நேரமாகிறது. எந்த வீடு என்று மகளிடம் சொல்லிவிடாதே.

மணியம்