லூர்து வீசிய இரண்டாவது டவல்

12-8-1998, புதன்

மச்சான் லூர்து இன்று என்னைக் கண் டாக்டரிடம் காட்டிக்கொடுத்துவிட்டான்.

ஸ்கூட்டர் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுன் கிளினிக்கின் எழுத்து அட்டையைப் போன வாரமே பார்த்து எழுதிவந்து மனப்பாடம் செய்திருந்தேன். தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். டாக்டர் கையெழுத்துப் போடப் போனார்.

"சார், கீழ இருந்து மேல படிக்கச் சொல்லுங்க" என்றான் லூர்து.

ஒரு வரிகூட என்னால் படிக்க முடியவில்லை.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். என் இடது கண் மங்கியது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே டாக்டர்களை ஏமாற்றி இரண்டு வருடம் குத்துச்சண்டைப் பட்டத்தைக் காத்தேன். பிறகு ஒரு பந்தயத்தின் ஒன்பதாவது ரவுண்டில், நான் நின்றுகொண்டிருக்கும்போதே, என் பயிற்சியாளனான அவன் என்னைக் கேட்காமல் ரிங்கில் டவலை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டான். அதை நான் மன்னிக்கவில்லை.

தெருவில் கத்தினேன். "அன்னிக்கும் நான் விழலடா, இன்னிக்கும் விழல!"

"விழுந்தப்புறம் டவல் எதுக்கு மச்சான்? அந்தக் கண்ணுக்கு லேட்டா வீசிட்டேன். இந்த வலது கண்ணுக்காவது சீக்கிரம் வீசறேன்."

விறுவிறுவென்று ரோட்டைக் கடக்க இறங்கினேன். இடப்பக்கம் வந்த ஆட்டோவை நான் பார்க்கவில்லை. அவன் என்னை இழுத்துக்கொண்டான். இத்தனை வருடமும் அவன் என் இடப்பக்கமே நடந்திருக்கிறான்.

ஸ்கூட்டர் சாவியை என் மனைவி மேரி அவனிடம் கொடுக்கட்டும். வலது கண்ணைக் காட்ட மகள் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கட்டும். டவலுக்கு லூர்து மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே போவேன். அவன் இடப்பக்கம் வரட்டும்.