கொம்பு முளைத்த பொன்மான்

மாசி 24, ஞாயிறு.

என் தங்கை காமுவைக் கட்டிக்கொள்ள வந்திருக்கும் தஞ்சாவூர் வரன் சுத்த அசடு. காலையில் அவரைக் கரமனை ஆற்றங்கரைக்குப் பட்சி பார்க்க அழைத்துப் போனேன். கழுத்தில் பைனாகுலர் தொங்க, வழி நெடுக எங்கள் தமிழைக் கேலி செய்துகொண்டே வந்தார். "மலையாளத்தைக் கலந்து கலந்து, நீங்க பேசறது தமிழாவே இல்லை ஓய்!"

ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்தவன் மூங்கில் பக்கம் கையைக் காட்டி, "நோக்கணே சாமீ, பொன்மான்!" என்றான். இந்த ஊரில் பொன்மான் என்றால் மீன்கொத்தி. அது கண்ணெதிரே நீலமாக உட்கார்ந்திருந்தது. நம் மேதாவியோ அதை விட்டுவிட்டு, அக்கரைப் புதரில் மானைத் தேடினார். தெரியாவிட்டால் கேட்கட்டுமே என்று இருந்தேன். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, காப்பியை உறிஞ்சிக்கொண்டே அப்பாவிடம், "பொன்மானைப் பார்த்தேன் மாமா. கொம்பே ஒரு முழம் இருக்கும்!" என்று அளந்தார்.

கரமனையிலேயே பிறந்து வளர்ந்த அப்பா, "அப்படியா? பேஷ், பேஷ்!" என்று தலையாட்டினார். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர் என்றால் மீன்கொத்திக்குக் கூடக் கொம்பு முளைத்துவிடும் போலிருக்கிறது. தூ! நாளைக்கு நிச்சயதார்த்தமாம்.

சாயங்காலம் கிணற்றடியில் காமு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, கல்யாணத்துக்கப்பறம் நானும் பொன்மானுக்குக் கொம்பு உண்டுன்னுதான் சொல்லணுமா?"